மேட்டில் வைத்துப் பார்த்த ஆயில்

பிள்ளை பெற்ற வீட்டுக்கும் கார் வாங்கிய வீட்டுக்கும் ஊரே ஆலோசனை சொல்ல வரும். பிள்ளை விஷயத்திலாவது நாலைந்து மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். கார் விஷயத்தில் ஓயவே மாட்டார்கள்.

நாங்கள் வாங்கியது பழைய கார். சின்ன வண்டி, சாம்பல் நிறம், எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறியது. வாங்கியது என் மனைவி விஜயாவுக்காக. கல்வராயன் மலைமேல், கரியாலூர்ப் பக்கம், ஓர் அரசுப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று அந்த டிரைவருக்கே தெரியாது. அதனால் கார். ஓட்டுவது அவள்தான். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால்கூட, கரும்பலகையில் கணக்கு போடுகிற அதே முகத்தோடு ஒதுங்கிக் கொடுப்பாள். எனக்கும் ஓட்டத் தெரியும் (தெருமுனை வரைக்கும்). கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் என்ன வேலை?

ஓட்டுவது அவள் என்பதால் பராமரிப்பு என் இலாகா. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இலாகாவின் முதல் கேள்வியே என்னைத் திணறடித்தது. இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது? காரோடு வந்த புத்தகம், பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்றது. மெக்கானிக் பாபு அந்தப் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை.

"மலை ஏறி இறங்குற வண்டிக்கு அந்தக் கணக்குலாம் ஆவாது சார். அஞ்சாயிரத்துல மாத்திடுங்க."

உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டும் என் சித்தப்பா, புத்தகத்தையும் பாபுவையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தார். "விரல்ல தொட்டுத் தேச்சிப் பாருடா. கொழகொழன்னு இருந்தா வுடு. தண்ணி மாரி ஆயிடுச்சா, மாத்து. இதுக்கு இன்னாத்துக்குப் படிச்சிக்கினு இருக்கிற?"

கடைக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர்களும் சும்மா இல்லை. முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகியிருப்பதைக் கவனிக்காதவர்கள்கூட என் ஆயில் விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

எல்லோர் சொன்னதையும் கேட்டு, யார் சொன்னதையும் எடுத்துக்கொள்ளாமல், நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். தினமும் பார்ப்பது! இன்ஜினில் ஆயில் அளக்க ஒரு நீளக் கம்பி இருக்கும். அதன் நுனியில் இரண்டு கோடுகள். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் சரி. காலையில் பல் துலக்கினதும் பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி, பழைய பனியனில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் தோற்றார். நிறம் கொஞ்சம் கறுத்தால் எனக்கு முகம் கறுக்கும். கோடு கொஞ்சம் இறங்கினால் ஊற்றுவதற்கு டிக்கியில் எப்போதும் ஒரு கேன் ஆயில் இருக்கும்.

விஜயா காபி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்குப் போன மாசம் அவ்ளோ காய்ச்சல் அடிச்சிது. ஒரு நாளாச்சும் தெர்மாமீட்டர இப்டித் தூக்கிப் பிடிச்சிப் பாத்தீங்களா?" என்றாள் ஒரு நாள். (பார்க்கவில்லை. ஆனால் மாத்திரை வாங்கி வந்தேன். அதை அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.)

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாவட்ட ஓட்டப்பந்தயம் வந்தது.

விஜயாவின் பள்ளியிலிருந்து நாலு பெண்கள் தேர்வாகியிருந்தார்கள். விளையாட்டு டீச்சர் பிரசவ லீவில் இருந்ததால் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு விஜயா தலையில் விழுந்தது. போட்டி கள்ளக்குறிச்சி மைதானத்தில். காலை பத்து மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நாலு பேரில் தேன்மொழி என்ற பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வழி உண்டு என்று விஜயா அவள் அப்பாவிடம் பேசி வைத்திருந்தாள். அவரும், "அப்டி வந்தா படிக்கட்டும் டீச்சர். வரலன்னா எங்ககூட மொளவு பறிக்க வரட்டும்" என்று சம்மதித்திருந்தார். வருஷா வருஷம் அந்தக் குடும்பம் மிளகு பறிக்கக் குடகுக்குப் போகும். ஆக, அந்தப் பெண் கல்லூரிக்குப் போவதா, குடகுக்குப் போவதா என்பது எங்கள் சாம்பல் நிறக் கார் பத்து மணிக்குள் மைதானம் சேர்வதைப் பொறுத்து இருந்தது.

இவ்வளவு முக்கியமான பயணத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் இல்லாமல் எப்படி? கடையைச் சாத்திவிட்டு நானும் கிளம்பினேன்.

விடிந்ததும் மலை ஏறிவிட்டோம். பள்ளிக்கூட வாசல் நல்ல மேடு. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. விஜயா பிள்ளைகளைக் கூப்பிட உள்ளே போனாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? பானெட்டைத் திறந்தேன். கம்பியை உருவினேன். துடைத்து, விட்டு, எடுத்தேன்.

கம்பியின் நுனிகூட நனையவில்லை!

மறுபடி துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். அதேதான். வழியில் எல்லா ஆயிலும் ஒழுகிவிட்டது என்று முடிவு கட்டினேன். கீழே ஒரு சொட்டுகூட இல்லையே என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. டிக்கியிலிருந்து கேனை எடுத்தேன். கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். கம்பி அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம். ம்ஹூம். கடைசியில் கேனைக் கவிழ்த்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வடிய வடிய நின்றேன். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாசம் எனக்கு அப்போது.

பிள்ளைகளோடு விஜயா வந்தாள். காலி கேனைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆயில் சுத்தமா இல்ல விஜி. நான் மட்டும் பாக்கலன்னா பாதி மலையிலயே இன்ஜின் போயிருக்கும்."

"நேத்துதானங்க பாத்தீங்க, சரியா இருக்குன்னீங்களே?"

"அதான் தினமும் பாக்கணும்ங்கிறது."

பெண்கள் நாலு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதையின் ஆயுள் அரை மணி நேரம்.

இறங்க ஆரம்பித்தோம். நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்த தேன்மொழி சொன்னாள். "சார், பனி நம்ம பின்னாடியே வருது சார்."

"மலைன்னா பனி இருக்கும்மா" என்று நான் விளக்கினேன் (மலையில் பிறந்த பெண்ணுக்கு!).

அடிவாரத்துக்கு வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. பனி மட்டும் எங்களை விடவில்லை. இப்போது அது நீல நிறத்தில், தீய்ந்த வடை வாசனையோடு இருந்தது. கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தபோது எங்களுக்குப் பின்னால் ரோடே தெரியவில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குடங்களை மூடினார்கள். சின்னப் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு புகைக்குள் ஓடிவந்தார்கள். வண்டி இருமி இருமி நடக்க, விஜயா ரோட்டோரம் இருந்த நெல் காயவைக்கும் களத்தில் ஏற்றி நிறுத்திவிட்டாள்.

புகை கலைவதற்குள் கையில் துடைப்பத்தோடு ஓர் அம்மா வந்துவிட்டார்.

"இன்னா சார், மெயின் ரோட்டுல மட்டும் அடிச்சிக்கினு போனா எப்டி? எங்க தெருவுல இருக்கிறவங்கள கொசு கடிக்காதா?"

எங்கள் காரைக் கொசு மருந்து அடிக்கிற வண்டி என்று நினைத்துவிட்டார்! நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஆயில் பாத்தீங்களே, அப்ப வண்டி எங்க நின்னுச்சி?"

"ஸ்கூல் வாசல்ல."

"மூஞ்சி மேட்டப் பாத்துதான?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. ஒரு பெண்ணிடமிருந்து பாதி தண்ணீர் இருந்த பாட்டிலை வாங்கி, படுக்கவைத்து, மூடிப் பக்கத்தை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தாள்.

"தண்ணி எங்க போச்சி?"

நாலு பேரும் வகுப்பில் சொல்வது போல் ஒரே குரலில் சொன்னார்கள். "பின்னாடி டீச்சர்!"

"கம்பி எங்க இருக்கு?"

"முன்னாடி டீச்சர்!"

"அப்ப ஆயில் கம்மியா இருந்திச்சா?"

"இல்ல டீச்சர்!"

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சரியாக இருந்த ஆயிலின் மேல் ஒரு முழு கேனை ஊற்றியிருக்கிறேன். அந்தக் களத்தில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கிப் படுத்திருப்பேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும், என்ன அருமையாகப் பாடம் நடத்துகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்குப் பள்ளியில் அப்படி ஒரு கணக்கு டீச்சர் கிடைத்திருந்தால் ஊரார் கல்யாணத்துக்கு நேரம் அச்சடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பஸ் எதுவும் கண்ணில் படவில்லை. தேன்மொழி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"டீச்சர், நாங்க ஓடியே போயிடட்டுமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கார் ஓடாவிட்டால் என்ன, நாம் ஓடலாமே என்பது அவர்களுக்கு அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"இங்கியே ஓடிட்டா அங்க போய் இன்னாத்த ஓடுவ? போட்டுக்கோ செருப்ப" என்றாள் விஜயா. சொல்லிக்கொண்டே நடுரோட்டில் போய்க் கையை நீட்டி நின்றாள். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. முன்னால் இடம் இல்லை, இருக்கிற இடம் லோடு மேல்தான் என்றார் டிரைவர். "கள்ளக்குறிச்சி வழியாதான போறீங்க? அது போதும்" என்று சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். பெண்கள் குரங்குக்குட்டிகள் போலத் தாவி ஏறிக்கொண்டார்கள். கிழங்குக் குவியலின் உச்சியில் உட்கார்ந்து, காற்றில் முந்தானை பறக்க, அவள் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணத்தன்று மேடையில்கூட அவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. இதை அவளிடம் சொன்னபோது, "அன்னிக்கு நீங்க என்னைப் பாக்கவே இல்ல, சாப்பாட்டுப் பந்தியத்தான் பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள்.

நான், கார், துடைப்பக்கார அம்மா, இன்னும் ஏழெட்டுப் பேர் மிச்சம். ஆயிலை ஊற்றிக் கெடுத்தேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "மருந்து தீந்துபோச்சிங்க" என்று சொல்லி வைத்தேன். உடனே எனக்கு அரசாங்க மரியாதை ஆரம்பித்தது. கயிற்றுக் கட்டில் வந்தது. டீ வந்தது. கோயில் பின்னால் சாக்கடை தேங்கி நிற்கிறது, குழந்தைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

போன் செய்து வரவழைத்த பாபு பைக்கில் வந்து இறங்கினான். பானெட்டைத் திறந்து கம்பியை உருவிப் பார்த்தவன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"எவன் சார் இவ்ளோ ஆயில ஊத்தினவன்? வாயி வரிக்கும் நிக்கிது!"

துடைப்பக்கார அம்மா என்னைப் பார்த்தார். காலி கேனைப் பார்த்தார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதில் இன்னும் இரண்டு வாய் டீ இருந்தது.

அதிக ஆயிலை இறக்கி, வண்டியைப் பாபு ஓட்ட, நான் மைதானம் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. பந்தல் நிழலில் விஜயா, தலை முழுக்கச் செம்மண்ணோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேன்மொழி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது. இரண்டாவது இடம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "லாரில வந்ததுதான் சார் நல்லது. கார்ல வந்திருந்தா எனக்கு வாந்தி வந்திருக்கும்."

எனக்காக அந்தப் பெண் சொன்ன பொய்யா, உண்மையா என்று இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்தப் பதக்கத்தைவிட அந்த வார்த்தை எனக்குப் பெரிதாகப் பட்டது.

அன்று மாலையே என் இலாகா பறிபோனது. ஆயில் எப்போது மாற்றுவது என்பதை விஜயா ஒரே நிமிஷத்தில் முடிவு செய்தாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு தடவை, அரைப் பரீட்சை லீவில் ஒரு தடவை. பாபுவின் அஞ்சாயிரத்துக்கு அது ஏறக்குறைய ஒத்துப்போனது. மறக்கவும் வழியில்லை. கார் இன்றும் மலை ஏறுகிறது. உறவுக்காரர்கள் மத்தியில் மட்டும் அதற்குக் கொசு வண்டி என்று பெயர். சித்தப்பா போன் செய்தால் முதல் கேள்வியே, "இன்னாடா, உங்கூர்ல கொசு கம்மியா?" என்பதுதான். வீட்டில் நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் அடித்துப் பேசினால் போதும். "சமதரையில நின்னு பாத்தீங்களா?" என்று விஜயா கேட்பாள்.

போன மாதம் தேன்மொழி வந்திருந்தாள். படிப்பை முடித்து ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள். புது ஸ்கூட்டர். எங்கள் வீட்டு வாசலில் சாய்வாகச் சிமெண்டு போட்டிருக்கும், அதன் மேலேயே ஏற்றி நிறுத்தினாள்.

"சார், இதுக்கு ஆயில் எப்ப சார் மாத்தணும்?"

எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் ஒரு ஆள் இதைக் கேட்கிறது! சட்டைக் காலரைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிசம் சார்" என்றாள் தேன்மொழி. ஸ்கூட்டரைப் பின்னால் உருட்டித் தெருவுக்கு இறக்கினாள். மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டாண்டு போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க சார்."

சமையல்கட்டிலிருந்து விஜயா சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.