அத்தையின் தோளைத் துடைத்த கதை

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் நல்ல பெயர் வாங்க, ஒரு மாப்பிள்ளை சும்மா இருந்தாலே போதும். எனக்கு அந்த ஒன்றுதான் வராது.

என் மாமியார் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்தில் பட்டு என்றதும் எல்லோரும் புடவையைப் பார்ப்பார்கள்; அத்தை பூச்சியைப் பார்ப்பார். சுற்றுவட்டாரத்து அந்துப்பூச்சிகளையெல்லாம் படம் எடுத்து, இறக்கை நரம்பையும் மீசையையும் ஆராய்ந்து இனம் பிரிப்பதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் திருமுக்கூடலுக்குக் கிளம்பியபோது, "நானும் வரேன் அத்தை" என்றேன். (பூச்சி ஆர்வமெல்லாம் இல்லை. இம்ப்ரெஸ் பண்ணும் ஆர்வம்.) என் மனைவி மலர் வாசலிலேயே எச்சரித்தாள்: "அங்க போயி எதையும் தொடாதபா."

ஆற்றங்கரைப் புதர்களில் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே அத்தை பாடம் எடுத்தார். "பட்டாம்பூச்சி எறக்கைய மேல கூப்பி வெச்சிக்கினு உக்காரும். அந்து, கூரை மாதிரி விரிச்சி வெச்சிக்கும். ஆனா இத மட்டும் நம்பக் கூடாது மாப்ள, மீசையயும் பாக்கணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

திடீரென்று அத்தை சிலையாக நின்றார். கழுத்தைத் திருப்பாமல், கண்ணால் மட்டும் இடது தோளைக் காட்டி, "மாப்ள... தோள்ல... பை... சீக்கிரம்" என்று கிசுகிசுத்தார்.

புடவையில் வெள்ளையும் பழுப்புமாக ஓர் எச்சம். அண்ணாந்து பார்த்தேன், கிளையில் ஒரு காக்கை. பாவம், மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்! என் தோளில் தொங்கிய பையில் கேமராவும் இருந்தது, தண்ணீர் பாட்டிலும் இருந்தது. நான் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்து, கைக்குட்டையால் ஒரே இழுப்பு இழுத்தேன்.

எச்சம் எழுந்து பறந்தது.

தோளில் தண்ணீர் சொட்டச் சொட்ட, "அது அந்து, மாப்ள" என்றார் அத்தை. "குருவிங்க கொத்தக் கூடாதுன்னு எச்சம் மாதிரி வேஷம் போட்டுக்கினு இருக்குது. இந்தப் பக்கம் இருக்குதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. ஒரே ஒரு போட்டோ... கேமராவ எடுக்கத்தான் பையக் கேட்டேன்."

(ஆற்றில் குதிக்கலாம் என்றால், மூன்று ஆறுகள் கூடும் அந்த இடத்தில் மூன்றுக்கும் சேர்த்துக் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.)

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஈரப் புடவையோடு மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறியது. கையெல்லாம் முள் கீறியது. "போலாமா அத்தை?" என்றேன், காதில் விழவே இல்லை. தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல ஒவ்வோர் இலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார். அதே பூச்சிதான்; என் கைக்குட்டை பட்ட இடத்தில் இறக்கைச் செதில் உதிர்ந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண மேடையிலும் பார்த்ததில்லை. (என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.)

படம் சென்னையில் ஒரு நிபுணருக்குப் போனது. இனத்தை உறுதிசெய்த அவர், "இறக்கையைப் பறவை ஏதாவது கொத்தியதா?" என்று கேட்டிருந்தார். அத்தை உண்மை விளம்பி. போனிலேயே சொன்னார்: "இல்ல சார், எங்க மாப்ள தொடச்சாரு."

இன்றும் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சட்னி சிந்தி, நான் துணியோடு எழுந்தால் போதும், எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "மாப்ள, மொதல்ல மீசை இருக்குதான்னு பாருங்க!"