வாரத்துக்கு இரண்டு நூல்

என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானம் செய்திருந்தார். உயிர் உள்ளவரை நாலு பேர் எதிரே சட்டையைக் கழற்றுவதில்லை.

காரணத்தை எழுதக் கை கூசுகிறது. ஆண்பிள்ளைக்குத் தட்டையாக இருக்க வேண்டிய இடம் இவருக்குத் தட்டையாக இல்லை. இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

தாம்பரத்து வெயிலில் இரண்டு பனியன் போட்டு, அதன்மேல் சட்டை போடுவார். ஆபீஸ் போகையில் பீச் ஸ்டேஷன் சேரும்வரை ரயிலில் டிபன் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்பார். சந்தியாவந்தனம்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

அவர் பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் மூன்று மாசத்தில் பாப்பாவுக்கு ஆண்டு நிறைவு. ஆயுஷ்ஹோமத்துக்கு என் அப்பா அம்மா கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். குழந்தையின் அப்பா வெறும் மேலோடு உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"என் தம்பி உக்காரட்டுமே" என்றார்.

"குழந்தைக்கு அப்பா நீங்களா, உங்க தம்பியா?"

"உனக்குப் புரியாது அபிதா. பசி வேளையிலே மடியிலே இருக்கும். ஆள் தெரியாம எங்கிட்டே வந்துடுத்துன்னா?"

சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் இவருக்கு ஒரு பொம்பளைப் பேர் வைத்தாராம். அதை அன்றுதான் சொன்னார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் போனோம். நான் பாப்பாவோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, நிறைய ஆண்களுக்கு இருக்கிறதுதான், உங்களுக்கு ஆபத்தாக ஒன்றும் இல்லை, மனசுக்கு ரொம்பக் கஷ்டமானால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்றாராம். ஆபரேஷன் என்று காதில் விழுந்ததும் இவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

அப்புறம்தான் பம்பாயிலிருந்து தபாலில், வி.பி.பி.யில் ஒரு சாதனம் வந்தது. இரண்டு கைப்பிடி, நடுவே ஐந்து ஸ்பிரிங். இரண்டு மாசம் இழுத்தால் நெஞ்சு பலகையாகிவிடும் என்று போட்டிருந்தது. முதல் நாளே நெஞ்சு முடி ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டது. அலறின அலறலில் பக்கத்து வீட்டுக் கிட்டு மாமா சுவர்மேல் எட்டிப் பார்த்து, பாத்திரம் ஏதாவது விழுந்ததா என்று விசாரித்தார்.

பத்து நாள் கழித்துக் கூச்சத்தோடு கேட்டார். "ஏதாவது கொறைஞ்சிருக்காடி?"

குறையவில்லை. "கொஞ்சம்" என்றேன். அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் எங்கள் காலனியில் பாதி ரவிக்கை என் மிஷினில் தைத்தது. சட்டையின் இரண்டு பக்கமும் தையல்காரர் உள்ளே கொஞ்சம் துணி விட்டிருப்பார். இவர் ரயிலேறியதும் பழைய தையலைப் பிரித்து இரண்டு நூல் தள்ளித் தைத்தேன். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று சட்டைக்கும். அளவெடுத்துப் பார்த்துவிடப் போகிறாரே என்று, பாப்பா கடித்துவிட்டாள் என்று சொல்லி டேப்பைப் பரணில் போட்டேன்.

சட்டை தொளதொளத்தது. இவர் நிமிர்ந்தார். முதலில் ஒரு பனியன் போயிற்று, பிறகு அடுத்ததும் போயிற்று. ரயிலில் டிபன் பை கையில் தொங்க ஆரம்பித்தது.

ஹோமத்தன்று யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றிப் போட்டார். ஒருவரும் இவரைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பாப்பாமேல்தான் கண். பார்த்திருந்தாலும் எதிரே இருந்த சாஸ்திரிகளுக்கு இவர் எவ்வளவோ தேவலை. என் அப்பாவைப் பற்றி நான் எழுதக் கூடாது. பாப்பாவுக்குப் பசி வந்தது. இவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைத் தேடி அழுதாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் இவர் வாசலிலேயே கையைத் தூக்கிக் காட்டினார். நீலச் சட்டை. அது வெளுத்திருந்தது. உள்ளே இருந்த துணி வெளுக்கவில்லை. அக்குளிலிருந்து இடுப்புவரை கருநீலப் பட்டை, இரண்டு பக்கமும். பையை அணைத்து நின்றவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ரயிலில் கையைத் தூக்கி வளையத்தைப் பிடிக்கிறாரே.

"கிட்டு கேக்கறார், சட்டைக்குப் பார்டரா, புது பேஷனான்னு. இது என்னடி?"

வாராவாரம் தையலைப் பிரித்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்போ ரெண்டு மாசம் நான் இழுத்தது?"

"கைக்கு நல்லதுதானேன்னா."

"கொறையவே இல்லையா?"

"ஒரு நூல்கூட இல்லே."

இனிமேல் செத்தாலும் நாலு பேர் எதிரே சட்டையைக் கழற்றுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

"சரின்னா. இதை மட்டும் கழட்டிக் குடுங்கோ. பழையபடி பிடிச்சுத் தெச்சுடறேன். மத்த ரெண்டும் ஏற்கனவே மிஷின்மேலேதான் இருக்கு."

கழற்றி என்மேல் வீசிவிட்டுக் கோபமாக வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கிட்டு மாமா வந்தார். பிறகு மாமியும் வந்தாள். எதிர்வீட்டு வாத்தியாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெண்டாட்டி செய்த அநியாயத்தை வெறும் மேலோடு, காற்றாட, ஏழரை மணிவரை எல்லோருக்கும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை.