எட்டுப் பேருக்கும் ஆட்சேபணை இல்லை

அல் குசைஸ், துபாய்
9 அக்டோபர் 2009, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி அனந்தகிருஷ்ணனுக்கு,

அக்கா மீனாம்பாள் எழுதுவது. இங்கே நானும், மகன் அன்பரசனும், மருமகள் கனகாவும், இரண்டு ஏசிகளும் நலமாக இருக்கிறோம். நீயும் உன் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க உத்திராபதியாரை வேண்டிக்கொள்கிறேன். நாளை கௌஸ் முகைதீன் காரைக்காலுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிடாதே.

முதலில் உனக்கு நன்றி. என் கான்வென்ட் பிரெஞ்சு அகராதியையும், சிஸ்டர் ஒடீல் எழுதிப் பழக்கிய மாதிரிக் கடிதங்களின் நோட்டையும் பரணிலிருந்து தேடி எடுத்து, பூச்சி மருந்து தூவி அனுப்பினாயே, அதனால்தான் இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. கனகாவுக்குப் பிரான்சில் இடம் உறுதியாகிவிட்டது. வரும் இருபதாம் தேதி விமானம்.

அல் கூஸில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவள் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். கடல்நீரைக் குடிநீராக்குவதைப் பற்றி மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஜூன் மாதம் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. அடியில் ஒன்றல்ல, எட்டுச் சின்னங்கள். ஐந்து பல்கலைக்கழகங்களும் மூன்று ஆராய்ச்சி நிறுவனங்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆகிவிட்டார்களாம். உனக்கு இடம் உண்டு, அக்டோபர் பதினைந்துக்குள் எங்களில் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொள் என்று எழுதியிருந்தார்கள். எந்த ஒருவரிடம் என்று எழுதவில்லை. கனகா முதல் பல்கலைக்கழகத்தைக் கேட்டால், ஆய்வகம் எங்களுடையது, பதிவு இரண்டாவதிடம் என்றார்கள். இரண்டாவது, உனக்கு வழிகாட்டும் பேராசிரியை மூன்றாவதில் சம்பளம் வாங்குகிறார், அங்கே கேள் என்றது. மூன்றாவது, கூட்டமைப்பைக் கேள் என்றது. கூட்டமைப்பு, நாங்கள் மாணவர்களைப் பதிவதில்லை, முதலாவதைக் கேள் என்றது. ஜூலை முழுக்க அந்தப் பெண் கணினி முன்னாலேயே சாப்பிட்டாள். பதினைந்தாம் தேதி தாண்டினால் இடமும் போகும், உதவித்தொகையும் போகும்.

அன்பரசன்தான் சிரித்தான். "ஒரு ஆளுக்கு எட்டு கஃபீல் இருந்தா எவம்மா கையெழுத்துப் போடுவான்? கலாஸ், முடிஞ்சுது, விடச் சொல்லு அவள." விசா கொடுத்து வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு இந்த ஊரில் கஃபீல் என்று பெயர். ஒரு கஃபீலிடம் இருப்பவர் இன்னொருவரிடம் போகவேண்டுமானால், "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று பழையவர் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை என்.ஓ.சி. என்பார்கள். கார் ஓட்டப் பழக என்.ஓ.சி., வீடு மாற என்.ஓ.சி. இங்கே வந்து ஏழு வருஷமாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? உடனே எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. எட்டு நிறுவனங்களும், மற்ற ஏழு பேரிடம் கனகா படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று!

ஆகஸ்ட் இரண்டாம் தேதி உட்கார்ந்தேன். எட்டுக் கடிதங்கள், எட்டும் என் கையெழுத்தில், பிரெஞ்சு மொழியில், இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு. சிஸ்டர் ஒடீல் சொல்லிக் கொடுத்தபடி முடிவில் வணக்கம் மட்டுமே ஐந்து வரி. கனகா எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, வணக்கமே அஞ்சு வரி போகுது. விஷயம் எங்க?" என்றாள். "மரியாதைதான் விஷயம். உங்கள் மன்னார்குடிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா?" என்றேன். "மன்னார்குடில விஷயம் இருந்தா மரியாதை தானா வரும் அத்தை," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். வாய்!

பிரதி எடுக்க பர் துபாயில் நம் ஊர் மீராசாவின் கடைக்குப் போனேன். அவரும் கடிதங்களைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா நீங்க, முத்திரை இல்லாத கடுதாசிய எவன் மதிப்பான்? மாஃபி முத்திரை, மாஃபி வேலை!" என்று அரபி 'இல்லை'யைப் போட்டுச் சொல்லி, நான் தடுப்பதற்குள் தன் கடையின் வட்ட முத்திரையை எட்டிலும் ஓங்கிக் குத்திவிட்டார். சுற்றிலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் மீராசா என்ற பெயர், நடுவில் ஒரு பேரீச்சை மரம். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் நல்ல மனிதர், பிரதிக்குக் காசு வாங்கவில்லை. கூரியரில் சேர்க்கும்படி கனகாவிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. எட்டும் வந்தன, தம்பி! ஒருவர் மிக அழகான தாளில் எழுதியிருந்தார். ஒருவர் ஓரத்தில் இடமே விடவில்லை. நம் சிஸ்டராக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஓர் ஆராய்ச்சி நிறுவனம், "இரண்டாவது பல்கலைக்கழகத்தின்மேல் எங்களுக்குப் பொதுவாக நிறைய ஆட்சேபணைகள் உண்டு. இந்த அம்மையார் விஷயத்தில் மட்டும் இல்லை" என்று எழுதியிருந்தது. யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டதால், இதற்கு எப்படி மறுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

பிறகு கூட்டமைப்பின் தலைவரே எழுதினார். கூட்டமைப்பு தொடங்கி இரண்டு வருஷமாகிறதாம். எட்டுச் சின்னங்களில் எது முதலில் வரவேண்டும் என்பதில்கூட இன்னும் முடிவாகவில்லையாம். எட்டு உறுப்பினர்களும் ஒரே விஷயத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டது இதுவே முதல் தடவையாம். பிரதிகளைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டாராம். கனகாவின் பெயரும் முதல் பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டது. கடைசியில் ஒரு வரி: "தங்கள் மீராசா நிறுவனத்துடன் கல்வி ஒப்பந்தம் செய்துகொள்ள ஆவலாக உள்ளோம்."

அதை மீராசாவிடம் படித்துக் காட்டினேன். மனிதர் பயந்துபோனார். "அம்மா, என் லைசென்ஸ்ல யூனிவர்சிட்டிக்கு எடமில்ல. போட்டோகாப்பி, லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, அவ்வளவுதான். எழுதிருங்கம்மா, எனக்கு ஆட்சேபணை உண்டுன்னு!" மன்னிப்புக் கேட்டு நானே எழுதினேன். வணக்கம் ஏழு வரி.

அந்த எட்டுப் பேருக்கும், மீராசாவுக்கும், சிஸ்டர் ஒடீலின் ஆன்மாவுக்கும், உனக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். மீனாம்பாள் மருமகள் படிப்புக்கு எந்தக் காலத்திலும் குறுக்கே நின்றதில்லை என்று ஊரில் நாலு பேரிடம் நீ தாராளமாகச் சொல்லலாம்.

கனகா போனபின் எனக்கு இங்கே வேலை இல்லை. அன்பரசன் வீட்டுக்கு வருவதே இரவு ஒன்பதுக்குத்தான். நீ ஐந்து வருஷமாகக் கூப்பிடுகிறாய். தை பிறந்ததும் வந்து, பங்குனி முடிய உன்னோடு இருப்பேன். மாடி அறைக்கு வெள்ளை அடித்து வை. நீலம் கலக்கவேண்டாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா மங்களங்களும் பெருகட்டும்.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
மீனாம்பாள்

பின்குறிப்பு: பசை தடவிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒட்டும்போது கனகா பிடுங்கிப் படித்துவிட்டாள். குறுக்கே நின்றதில்லை என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆகஸ்ட்ல பிரான்ஸ் முழுக்க லீவு, ஒரு ஆபீஸ்லயும் ஆள் இருக்க மாட்டாங்கன்னு உங்க சிஸ்டர் சொன்னத, நீங்கதான அத்தை என்கிட்ட பத்துத் தடவ சொல்லியிருக்கீங்க? அப்பறம் ஆகஸ்ட் ரெண்டாம் தேதி எதுக்கு எழுதினீங்க? எட்டுப் பேர்ல ஒருத்தராவது பதில் போட மாட்டாங்க, நான் இங்கயே கெடப்பேன்னுதானே?" என்றாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆமாம். இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் எனக்குப் பதில் சொல்லுகிறவள்.

"அதான் எட்டையும் பையிலயே வெச்சிருந்து இருபத்தேழாம் தேதி கூரியர்ல போட்டேன். லீவு முடிஞ்சு வந்த முதல் திங்கக்கிழமை எட்டுப் பேரும் ஒண்ணா பிரிச்சாங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு பிரான்ஸ் விசா விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள். மேலே என் பெயர். ஜனவரி முதல் மூன்று மாதம். "அங்க என்கூட சண்டை போட யாரு இருக்கா அத்தை? பிரெஞ்சுல கடைக்காரன்கிட்ட பேசவும் ஆள் வேணும்ல?"

ஆகவே தைக்கு வரமாட்டேன். மாடி அறைக்கு நீ விரும்பிய வண்ணம் அடித்துக்கொள். ஆனால் ஐந்து வருஷமாகக் கூப்பிட்டவன் நீ, வாக்குக் கொடுத்தவள் நான். முறைப்படி உன்னிடமிருந்து ஓர் என்.ஓ.சி. வேண்டும் என்று இருவருமே நினைக்கிறோம். இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, முத்திரையுடன், உடனே அனுப்பு. தாமதம் செய்யாதே. ஆட்கள் எதற்காகத் தாமதம் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மீ.