மகளின் நேர்காணலுக்கு நான் அடித்த பெயின்ட்

பிரஷ் பிடித்தால் முத்து முத்தாக வரும் என் எழுத்து, பேனா பிடித்தால் கோழி கிளறியது போல் ஆகிவிடுகிறது. பிழைகளும் இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லில் ஒரு பட்டறையில் லாரிகளுக்கு பெயின்ட் அடிக்கிறேன். மகள் சுகன்யா டிகிரி முடித்ததும், பழம்பொருள்களைக் கெடாமல் காப்பதற்கு ஒரு மேல்படிப்பு இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றாள். இருப்பதே பத்துப் பன்னிரண்டு இடம். நேர்காணலுக்கு ஏதாவது ஒரு பழைய பொருளோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் பட்டறை மூலையில் கிடந்த ஒரு பலகையை. உடைத்து விற்ற லாரியின் நெற்றியில் இருந்தது. மேலே மஞ்சள் உரிந்து, அடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம் என்று பல்லிளித்தது.

எனக்கு மானமே போயிற்று. படித்தவர்கள் முன்னால் இதையா வைப்பது? (அதுவும் மூன்று தடவையும் அடித்தவன் நான்.) அவள் தோழி வீட்டுக்குப் போன நாளில் உப்புத்தாள் போட்டு மரம் தெரியத் தேய்த்தேன். பிரைமர் வைத்து, சிவப்பு அடித்து, இரண்டு ஓரத்திலும் தாமரை போட்டேன். காய்ந்ததும் வேட்டியில் சுற்றிக் கட்டிவிட்டேன்.

"கனமா இருக்குது சாமி, நானே தூக்கிட்டு வாரேன்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் நேர்காணல் அறைக்குள் போனேன். சுற்றியிருந்த வேட்டியை அவிழ்த்ததும் பலகை முகம் பார்க்கலாம் போல் மின்னியது. சுகன்யா முகத்தில் ரத்தமே இல்லை.

"பழைய பலகைன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"முந்தாநேத்து அடிச்சதுங்க" என்றேன். (பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.)

"பழைய பெயின்ட் எல்லாம்?"

"ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேனுங்க."

சுகன்யா பலகையைப் புரட்டி ஓரமெல்லாம் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

"பலகையைக் காப்பாத்த முடியலைங்க மேடம். அதுல இருந்ததையாவது எழுதிக்கறேன். அப்பா, அடியில இருந்து சொல்லுங்க. மொதல்ல என்ன கலரு?"

"நீலம் சாமி. மொத ஓனரு பொண்ணுக்குப் புடிச்ச கலரு."

"அப்புறம்?"

"பச்சை. அடுத்து வாங்குனவருக்கு ஜோசியர் சொன்னது."

பட்டறையில் டீ வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவன், அன்று எந்தக் கலரில் எதைக் கலந்தேன், எந்த மழையில் எது உரிந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பிறகும் சுகன்யா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இடம் கிடைத்த தகவல் வந்த பிறகுதான், "சாப்ட்டீங்களா?" என்றாள்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அவள் நோட்டை என் மனைவி உரக்கப் படித்தாள். பழம்பொருளைக் கெடுப்பவை: ஈரம், வெயில், கரையான். நாலாவதாகச் சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தது: அப்பா.

இப்போது அவளோடு படிக்கும் பிள்ளைகள் போன் செய்தால், "நாலாவது சௌக்கியங்களா?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

"சௌக்கியந்தானுங்க. இன்னைக்கு எதையும் தொடலை" என்கிறேன்.

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.