ஜீப்புக்கு நாடி பார்த்த கம்பவுண்டர்

கொல்லிமலையில் இரண்டு காலில் நடப்பதோ, நான்கு காலில் மேய்வதோ, நான்கு சக்கரத்தில் உருள்வதோ, எது படுத்துக்கொண்டாலும் எழுப்பக்கூடிய ஒரே ஆள் எங்கள் கம்பவுண்டர். பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

செம்மேட்டு டிஸ்பென்சரிக்கு டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் அவருடைய பழைய ஸ்டெதாஸ்கோப் கம்பவுண்டர் கழுத்தில்தான். இருமிக்கொண்டு வருபவரிடம், "கார்பரேட்டர்ல குப்பைங்க, பீடியை நிறுத்துங்க" என்பார். மலையேறிக் களைத்த லாரியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலடிக்குது, மத்தியானம் வரைக்கும் படுக்கப்போடுங்க" என்பார். ஒரு டிரைவர் கேட்காமல் போய் அடுத்த வளைவிலேயே ஆவி பறக்க நின்றார். அன்றிலிருந்து டிஸ்பென்சரி வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சரி, இரண்டு நின்றன.

அறுபதுகளில் மலைக்கு ரோடு போட்ட ஓவர்சீயர்களில் நானும் ஒருவன். மலைமேலேயே எடப்புளி நாடு என்கிற பகுதியில் குடியிருந்தோம். ஒரு காலையில் என் மனைவிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்தை குறுக்கால கெடக்குது சாமி. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றாள். ஆபீஸ் ஜீப் இருந்தது; டிரைவர் லீவு. இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன்.

டிஸ்பென்சரிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் இருமியது, முனகியது, நின்றது. ஸ்டார்ட்டரை மிதித்தேன். கர்ர் கர்ர் என்று சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே எஞ்சின் இருந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. மூடினேன். மறுபடி மிதித்தேன். அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொண்டு மிதித்தேன்.

"ஏனுங்க, விடுங்க. அதுக்கும் வலி வந்துரப் போவுது" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

சத்தம் கேட்டு கம்பவுண்டர் ஓடிவந்தார். "காலை எடுங்க. இன்னுங் கொஞ்சம் மிதிச்சா பேட்டரியும் படுத்துரும்."

"மொதல்ல என் சம்சாரத்தைப் பாருங்க கம்பவுண்டர் சார்."

மருத்துவச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "அம்மணிக்கு இங்க என்னால ஒண்ணும் ஆவாதுங்க. வண்டிக்கு ஆவும். கடைசியா எப்பச் சாப்பிட்டுது?"

"நேத்து சாயங்காலம். டேங்க் நெறைய."

"பட்டுனு நின்னுச்சா, சோர்ந்து சோர்ந்து நின்னுச்சா?"

"எனக்கு அழுகை வருதுங்க."

"அதை அப்புறம் வெச்சுக்கலாம். சோர்ந்து நின்னுச்சா?"

"சோர்ந்துதான்."

"அப்ப நெருப்புல கோளாறு இருக்காது, சோத்துலதான். இருந்தாலும் நாடி பாத்துரணும். இந்த ஒயரைப் புடிங்க."

பிடித்தேன். அவர் ஸ்டார்ட்டரை மிதித்தார். நான் ஷாக்கடித்து ரோட்டோரப் புதரில் போய் விழுந்தேன். "நாடி நல்லாத் துடிக்குது" என்றார் திருப்தியாக. அந்த வலியிலும் என் மனைவி சிரித்தாள்.

பிறகு கார்பரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. "வகுறு நெறைய சோறு இருக்குது கண்ணு, ஏன் தொண்டைக்கு வரல?" என்று ஜீப்பைக் கேட்டுக்கொண்டே டேங்க் பக்கம் போனார். மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதைச் சுற்றித் துணி. துணிக்கடியில் சப்பாத்தி மாதிரி சலவைச் சோப்பு.

"இது யாரு வேலைங்க?"

என் வேலைதான். பெட்ரோல் வாடை பட்டால் மனைவிக்குக் குமட்டும். அதனால் புறப்படும்போது சோப்பைக் குழைத்து அப்பி, மேலே துணியைச் சுற்றியிருந்தேன்.

"மூடியில ஊசித்துளை இருக்குதே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"வாடை வர்றதுக்குன்னு."

"காத்து உள்ள போறதுக்குங்க. காத்து போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும்."

"எனக்காகத்தானுங்க செஞ்சாரு" என்றாள் மனைவி.

"பாசம் சரிங்க அம்மணி. துளையில எதுக்கு அப்புனாரு?"

மூடியைத் திருகினார். 'உஸ்' என்று டேங்க் ஒரு பெரிய மூச்சு இழுத்தது. துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார், குழாயை மாட்டினார், "இப்ப மிதிங்க" என்றார். கர்ர், கர்ர், கர்ர்... பிடித்துக்கொண்டது.

அழைக்காமலே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு, "நல்லா ஓடுது, பயப்படாதீங்க. மெதுவாப் போங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மலை இறங்கினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் வெகுநேரம் காத்திருந்தோம். நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். நான் நிலையாகத்தான் நின்றேன். கம்பவுண்டர்தான் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வாங்கிய டம்ளர் அவர் கையில் தளும்பியது.

"பயந்துட்டீங்களா?"

"மலையெறங்குன நேரம் பூரா" என்றார்.

அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.