நீல மெயில் சொன்ன நான்கு காரணங்கள்

கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதை ஆன் செய்யத் தெரியும், அவ்வளவுதான். நான் அந்தப் பாதியில் இருந்துகொண்டு மறுபாதிக்குத் தலைவனைப் போல நடந்துகொண்டவன். (ஆஃப் செய்யவும் தெரியும். பொத்தானை அமுக்கிப் பிடித்தால் போதும்.)

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில் ஒரு குதிரைவாலி மில். உமி நீக்கி, கல் எடுத்து, அரிசியாக்கி வெளியூருக்கு அனுப்புவார்கள். முதலாளிகள் இரண்டு பேர். தங்கப்பாண்டி அண்ணாச்சி கொள்முதல், காதர் பாய் விற்பனை. ஆபீஸுக்கு நான் ஒரே ஆள். ஆறு மாதம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று சொல்வதாக ஏற்பாடு. ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெங்களூர் கம்பெனி ஒன்று நான்கு லோடு கேட்டுப் பேச்சைத் தொடங்கியது. அவர்களுக்கு எல்லாமே மெயிலும் காலண்டரும்தான். நேரம் குறித்து அழைப்பு அனுப்புவார்கள், நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை நாங்கள் காதர் பாயின் சொந்த மெயிலில்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். (அவருடைய மச்சான் துபாயிலிருந்து அனுப்பும் ஒட்டகப் படங்களுக்கு நடுவே ஆர்டரைத் தேட வேண்டும்.)

அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏப்பா மாரி, ஆபீசுக்குன்னு ஒரு மெயிலு, ஒரு காலண்டரு வாங்கணும். ரெண்டு கம்பெனிக்காரன் கொஞ்ச நாளைக்குச் சும்மா ஓட்டிப் பாருங்கன்னு குடுத்துருக்கான். எது தேவலைன்னு பாத்துச் சொல்லு."

"சொல்லிருவோம் அண்ணாச்சி. இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா?"

அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டினார். "ஆனா ஒண்ணு. இதுல இருக்கிறதெல்லாம் அதுல இருக்கணும்."

ஒன்றின் முகப்பு சிவப்பு, மற்றது நீலம். அப்படியே பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்தேன். சிவப்பு: சிக்னல் மங்கினாலும் திறக்கிறது, பழைய மெயிலைத் தேடினால் சட்டென்று கிடைக்கிறது, காலண்டருக்கு வேறு பக்கம் போக வேண்டும். நீலம்: மெயிலும் காலண்டரும் ஒரே பக்கம், செல்போனில் கொஞ்சம் திணறுகிறது, ஆனால் கெட்டிக்காரன். நாம் வேறு வேலையாக இருக்கும் நேரத்துக்கு யாராவது அழைப்பு அனுப்பினால், நம்மைத் தொந்தரவு செய்யாமல் தானே 'வர இயலாது' என்று பதில் போட்டு, அந்த அழைப்பையும் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லவா என்று ஒரு கட்டம் கேட்டது. மரியாதையாக இருக்கட்டுமே என்று டிக் அடித்தேன்.

முதல் வாரம் சிவப்பை ஓட்டினேன். இரண்டாம் வாரம் நீலம். அண்ணாச்சி சொன்னபடி ராகு காலம், எமகண்டம் இரண்டையும் ஏழு நாளைக்கும் ஏற்றினேன். காதர் பாய் எட்டிப் பார்த்தார். "அப்ப வெள்ளிக்கிழம ஜும்மாவையும் போட்டுரு தம்பி." அதையும் போட்டேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு: 'பஸ்ஸு. ஓடணும்.' (என் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு அதை விட்டால் ஏழு மணிக்குத்தான்.)

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி புதுச் சட்டையில் வந்தார்.

"இன்னைக்கு அந்தப் பெங்களூர் கம்பெனி மேடம் நேரம் போட்டு மெயிலு அனுப்புவாக. வீடியோவுல சாம்பிளப் பாக்குறாக. சரின்னா நாலு லோடும் ஏத்துறோம். இன்னைக்குப் பாக்கலேன்னா வேற ஊர்ல எடுத்துக்குவாகளாம்."

குடோனில் இருந்தவை திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைவித்து எங்களை நம்பி இறக்கிய மூட்டைகள். ஆர்டர் கைவிட்டுப் போனால் எல்லாம் திரும்பப் போகும். அவற்றில் பதினொரு மூட்டை என் அம்மாவுடையது. இறக்கிய அன்று அம்மா சொன்னது ஒன்றுதான். "ஓம் பேச்சக் கேட்டுக் கொண்டாந்துருக்கேன். திருப்பி ஏத்த வச்சிராதடா."

மணி பத்தானது. மெயில் இல்லை. ராகு காலம் வந்து போனது. மெயில் இல்லை. காதர் பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போய்த் திரும்பினார். வெள்ளைத் தட்டில் சாம்பிள் அரிசி காத்திருந்தது. ஈ உட்காராமல் அண்ணாச்சி தினத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நம்மளே ஒரு போனப் போட்டா என்ன?" என்றார் பாய்.

"சும்மா இருங்க பாய். நம்ம பறந்தா வெலைய எறக்கிருவாக."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து, "ஒண்ணும் வரல" என்றேன். வரவுப் பெட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் நோட்டை எடுத்து, நீலத்தின் பக்கம் 'பெட்டி எப்போதும் சுத்தமாக இருக்கிறது, பத்துக்குப் பத்து' என்று எழுதினேன். அந்த வரியை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான்கேகாலுக்கு, மீதிக் குறிப்பையும் எழுதி முடிக்கலாம் என்று, பக்கத்திலேயே இருந்த காலண்டரில் அன்றைய தேதியைத் தட்டித் திறந்தேன். வெள்ளிக்கிழமையில் மங்கலாக நான்கு வரிகள். நான்கிலும் பெங்களூர் கம்பெனியின் பெயர்.

பதினொரு மணி அழைப்பு. வர இயலாது. காரணம்: ராகு காலம்.

ஒரு மணி அழைப்பு. வர இயலாது. காரணம்: ஜும்மா.

மூன்றரை மணி அழைப்பு. வர இயலாது. காரணம்: எமகண்டம்.

ஐந்து மணி அழைப்பு. வர இயலாது. காரணம்: பஸ்ஸு. ஓடணும்.

முதல் மூன்றுக்கும் சாமி பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம். நான்காவதுக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. உடனே ஒரு வீரச் செயல் செய்தேன். நான்கையும் அழித்தேன். அழித்து முடித்த பிறகுதான், பெங்களூரில் அவை அழியாது என்று உறைத்தது.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அண்ணாச்சியின் போன் அடித்தது. பெங்களூர் நம்பர்.

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு இருபத்தைந்து. "எமகண்டம் முடிய இன்னும் அஞ்சு நிமிசம் கெடக்கு. அடிக்கட்டும்."

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அந்த ஐந்து நிமிடம் போல நீளமான நேரத்தை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. எடுத்தால் என் வேலை போகும். எடுக்காவிட்டால் அம்மாவின் பதினொரு மூட்டையும் ஊரார் மூட்டையும் போகும். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணாச்சி, எடுத்துருங்க. அவுக காலையில இருந்து நாலு தடவ கூப்புட்டாக. நான்தான்... நான் வச்ச காலண்டரு வரமாட்டோம்னு சொல்லிருச்சு."

"எதுக்குடா வரமாட்டோம்னுச்சு?"

சொன்னேன். ராகு காலத்துக்கு அண்ணாச்சி முகம் சிவந்தது. ஜும்மாவுக்கு பாய் தலையில் கை வைத்தார். பஸ்ஸுக்கு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பாய்தான் எட்டிப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, உங்களுக்கு எங்க ஆர்டர் வேணுங்களா, வேண்டாமுங்களா?" அந்த மேடம் ஈரோட்டுக்காரர். குரலில் கோபம் கொதித்தது. நான்கு காரணங்களையும் வரிசையாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாய் ஒவ்வொன்றுக்கும் "மன்னிக்கணும்மா" என்றார்.

"முதல் மூணும் எனக்குப் புரியுதுங்க. எங்க வீட்லயும் பார்ப்பாங்க. அந்த பஸ்ஸுக்கு ஓடறவரு யாருங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தபடியே சொன்னார். "இங்கதாம்மா இருக்கான். இன்னும் ஓடல."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மணி நாலரைங்க. அவரு ஓடறதுக்கு முன்னாடி சாம்பிளைக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

போனில் வீடியோவைப் போட்டு நான்தான் காட்டினேன். தட்டைச் சாய்த்து அரிசியைப் பரப்பினேன். கல் இருக்கிறதா, உமி இருக்கிறதா, கிட்டே காட்டுங்க, திருப்புங்க என்று ஐந்து இருபது வரைக்கும் கேட்டார். கடைசியில், "நாலு லோடும் அனுப்புங்க" என்றார். பஸ் போயிருந்தது. நான் ரோட்டோரம் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

சிவப்பைத்தான் வாங்கினார்கள். நான் எழுதிய நோட்டை அண்ணாச்சி புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது நம்மளக் கேட்டுட்டுத்தான் வாயத் தொறக்குது. அது போதும்" என்றார். ஆறாவது மாதம் முடிந்தும் என்னை அனுப்பவில்லை. ('இவன அனுப்புனா மேடத்துக்கு யாரு பதில் சொல்றது?' என்றாராம் பாய்.)

வீட்டில் கடைக்குப் போ என்று சொல்லி நான் கொஞ்சம் தயங்கினால் போதும். "என்னடா, ராகு காலமா, பஸ்ஸா?" என்பாள் அம்மா. அதற்கு என் மனைவி சிரிப்பதுதான் தாங்க முடிவதில்லை.

அந்த மேடத்திடமிருந்து இன்றும் வீடியோவுக்கு அழைப்பு வருகிறது. எப்போதும் நான்கரை மணிக்குத்தான். அடியில் ஒரு வரியும் இருக்கும்: 'அரை மணியில் முடித்துவிடலாம், மாரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.' நான் பைக் வாங்கி இரண்டு வருடமாகிறது. அதை எங்கள் ஆபீஸில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் ஐந்து மணியானால் பையை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணில் படும்படி ஓடுகிறேன்.