முட்டுக் கொடுத்த கணக்குப் புத்தகம்

ஜெர்சி சிட்டி
மார்ச் 4, புதன்

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் திரு. டேவன்போர்ட் அவர்களுக்கு, புனித கிறிஸ்பின் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு நடத்தும் லியோ மிகால்ஸ்கி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

எங்கள் பள்ளியில் பாடப் புத்தகத்தைக் கோப்பை அலமாரிக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தீர்கள். மறுக்கவில்லை. அது என் கணக்குப் புத்தகம்தான். ஆனால் பழைய பதிப்பு. கூடைப்பந்தில் பதினாறு கோப்பை வாங்கிய பள்ளிக்குப் படிப்பிலும் ஒரு பெயர் வேண்டும் என்பதுதான் இத்தனை வருடமாக என் ஏக்கம். நேற்று பள்ளிகளை மதிப்பிடும் அங்கீகாரக் குழுவிலிருந்து இரண்டு பேர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் காலையிலேயே என்னிடம், "லியோ, இன்னிக்கு ஒரு நாளாவது பந்தப் பத்திப் பேசாம பாடம் நடத்துங்க" என்று கெஞ்சினார். நானும் தலையாட்டினேன். வகுப்புத் தொடங்குமுன் ஜெபம். "புனித கிறிஸ்பினே" என்றேன், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள், அதுவரை எல்லாம் ஒழுங்கு. உடனே பழக்கதோஷத்தில் மொத்த வகுப்பும் நடுவில் கூடி, கைமேல் கை வைத்து, ஆட்டத்துக்கு முன் கத்துவதுபோல "டிஃபென்ஸ்" என்று கத்தியது. வந்தவர்களில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. எல்லாக் கைக்கும் மேலே இருந்தது என் கை.

பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டேன். ஃப்ரீ த்ரோ எறியும் கோட்டிலிருந்து வளையம் மாட்டிய பலகைக்குத் தரையில் பதினைந்து அடி, வளையம் பத்து அடி உயரம், அப்படியானால் கோட்டிலிருந்து வளையத்துக்கு நேர்த்தூரம் எவ்வளவு? நானே கரும்பலகையில் இருபத்தைந்து என்று எழுதினேன். எங்கள் அணியின் தூண், ஆறடி ஒன்பது அங்குல எலைஜா விட்லோ, கையைத் தூக்கினான்.

"சார், ரெண்டையும் கூட்டிட்டீங்க. வர்க்கம் எடுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். பதினெட்டு அடி சொச்சம்தான் வரும்."

"நல்லாத் தெரியுமா?"

"தினம் இருநூறு தடவ போடுறேன் சார். நீங்கதான் போடுறதில்ல."

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். இன்று காலை அறிக்கை வந்துவிட்டது: மாணவர்கள் மிகத் திறமைசாலிகள், ஆசிரியருக்குப் பயிற்சி தேவை. ஐயா, வெட்கத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான் அதிகம். சிஸ்டர் ஆனந்தத்தில் அழுதேவிட்டார். உடனே எலைஜாவின் பெயரை மாநிலக் கணக்குப் போட்டிக்கு அனுப்பினேன். இனியாவது எங்களைப் படிக்கிற பள்ளி என்று எழுதுங்கள்.

தங்கள் பத்திரிகையும் இல்லமும் எல்லா ஆசீரும் பெற்று விளங்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
லியோ மிகால்ஸ்கி

பின்குறிப்பு: தயவுசெய்து இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம். கணக்குப் போட்டி இந்தச் சனிக்கிழமையாம். கூடைப்பந்து அரையிறுதி ஆட்டமும் அன்றுதான். நான் தேதியைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். எலைஜாவின் அம்மா இப்போதுதான் போன் செய்தார்: "உங்க ஸ்கூல் படிப்புல இவ்வளவு ஒசத்தின்னு தெரியாமப் போச்சே சார். இனிமே அவனுக்குப் பந்து வேணாம், கணக்கே போதும்." அந்த அம்மா தினமும் படிப்பது உங்கள் பத்திரிகையைத்தான். எங்கள் பள்ளியில் படிப்பு என்ற பேச்சே கிடையாது என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி போட்டு உதவுங்கள். வேண்டுமானால் என் கையெழுத்தோடு போடுங்கள்.